ஆஃப்செட்டா, டிஜிட்டலா? அச்சுக்குக் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் சின்னதாக ஓர் அச்சு வேலைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், நினைவு மலர், கவிதைப் புத்தகம், பில் புத்தகம் என்று எல்லாம் வரும். டிஜிட்டல் இயந்திரம் கடையிலேயே இருக்கிறது. ஆஃப்செட் வேலைகளைச் சான் சோவ் லின், செகாம்புட் பக்கம் உள்ள அச்சகங்களில் கொடுத்து வாங்கித் தருகிறேன். இரண்டிலும் எனக்குப் பிழைப்பு இருப்பதால் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த வேண்டிய தேவை எனக்கு இல்லை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி: "அக்கா, ஆயிரம் அடிச்சா ஒன்னு எவ்வளவு விழும்?" நான் திருப்பிக் கேட்பது: "எத்தனை பேருக்குக் கொடுக்கப் போறீங்க?" பலருக்கு அதற்குப் பதில் தெரிவதில்லை. ஆனால் அந்தப் பதில்தான் ஆஃப்செட்டா டிஜிட்டலா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு பிரதியின் விலையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டில், பிரிக்காத பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். அச்சடித்த தாள் ஒருவர் கைக்குப் போக வேண்டும். போகாத தாளுக்குக் கொடுத்த பணம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்தான்.

இரண்டு முறைகளும் எப்படி ஓடுகின்றன என்று சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் விலை ஏன் அப்படி வருகிறது என்பது தானாகவே புரியும்.

ஆஃப்செட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் அலுமினிய பிளேட் வேண்டும். முழு வண்ண வேலை என்றால் நீலம், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று அச்சுத் தாளின் ஒரு பக்கத்துக்கு நான்கு பிளேட். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் அடிப்படை. பிளேட்டில் எழுத்து இருக்கும் இடம் மையை வாங்கிக்கொள்ளும், மற்ற இடம் தண்ணீரை வாங்கி மையை விலக்கிவிடும். அந்த மை முதலில் பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பில் இறங்கி, அதிலிருந்து தாளில் பதியும். பிளேட் மாட்டி, நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை, வண்ணத்தின் அடர்த்தி நிலைக்கு வரும்வரை, நூற்றுக்கணக்கான தாள்கள் கழிவாகப் போகும். நீங்கள் 100 பிரதி கேட்டாலும் 10,000 கேட்டாலும் இந்த வேலை ஒன்றுதான். ஆனால் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டால் மணிக்குப் பத்தாயிரம் தாளுக்கு மேல் தள்ளிவிடும். அதன்பிறகு கூடும் செலவு பெரும்பாலும் தாளும் மையும்தான்.

டிஜிட்டலில் பிளேட் கிடையாது. கோப்பு நேராக இயந்திரத்துக்குப் போகிறது. டோனர் தூள் தாளில் ஒட்டி, சூட்டில் உருகிப் பதிகிறது. (ஹெச்.பி. இண்டிகோ போன்ற இயந்திரங்களில் திரவ மை. அதிலும் பிளாங்கெட் உண்டு, பிளேட் மாற்றும் வேலைதான் இல்லை.) முதல் தாளே விற்கக்கூடிய தாள். ஆனால் ஆயிரமாவது தாளுக்கும் முதல் தாளுக்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றேதான்.

ஆக, ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு பெரிது, ஓட்டச் செலவு சிறிது. டிஜிட்டலில் தொடக்கச் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஓட்டச் செலவு பெரிது. எங்கோ ஓர் எண்ணிக்கையில் இரண்டும் சமமாகும். அந்த எண்ணிக்கை 300 என்றும் 500 என்றும் ஆளுக்கொன்று சொல்வார்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், உங்கள் வேலைக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது

ஆஃப்செட் அச்சகத்தில் ஒரே வேலைக்கு இரண்டு எண்ணிக்கைகளுக்கு விலை கேளுங்கள். டிஜிட்டலில் ஒரே ஒரு விலை போதும்.

ஒரு கோயில் திருவிழா மலர், ஏ5 அளவு, 24 பக்கம், முழு வண்ணம் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்ட நானே போட்டுக்கொண்டவை. சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தாள் விலை மாறினால் எல்லாமே மாறும். ஆஃப்செட்டில் 500 பிரதிக்கு 1,300 வெள்ளி (ரிங்கிட்), 1,000 பிரதிக்கு 1,700 வெள்ளி என்கிறார்கள். 500 பிரதி கூடியதற்கு 400 வெள்ளி கூடியிருக்கிறது. அதாவது ஒரு பிரதியின் ஓட்டச் செலவு 80 சென். 500 பிரதிக்கு ஓட்டச் செலவு 400 என்றால், 1,300-இல் மீதி 900 வெள்ளி தொடக்கச் செலவு. அச்சகம் சொல்லாமலேயே அவர்களுடைய கணக்கு உங்கள் கையில் வந்துவிட்டது.

டிஜிட்டலில் ஒரு பிரதி 3 வெள்ளி 50 சென் என்றால், ஆஃப்செட்டின் 80 சென்னை அதில் கழியுங்கள். 2 வெள்ளி 70 சென் வரும். 900-ஐ 2.70-ஆல் வகுத்தால் சுமார் 333. இந்த வேலைக்கு 333 பிரதிக்குக் கீழே என்றால் டிஜிட்டல், மேலே என்றால் ஆஃப்செட். கைபேசியில் ஒரு நிமிட வேலைதான்.

சறுக்குகிற இடம் இதற்கு அடுத்ததுதான். உங்களுக்கு உண்மையில் 250 பிரதிதான் வேண்டும். டிஜிட்டலில் 875 வெள்ளி ஆகும். ஆஃப்செட்டில் 500 பிரதி எடுத்தால் ஒன்று 2 வெள்ளி 60 சென்தான், டிஜிட்டலைவிட 90 சென் மலிவு. கேட்கிறவருக்கு இது பெரிய லாபமாகத் தெரியும். ஆனால் கையிலிருந்து போவது 1,300 வெள்ளி. கூடுதலாகக் கொடுத்த 425 வெள்ளிக்கு 250 மலர்கள் கோயில் ஸ்டோர் அறையில் அடுக்கியிருக்கும். திருவிழா முடிந்த மறுநாள் அந்த மலர் யாருக்கும் வேண்டாம். பக்தர்கள் கைக்குப் போன 250-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றின் விலை 5 வெள்ளி 20 சென். இந்தக் கணக்கைக் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அது காணிக்கைப் பணம், ஒவ்வொரு வெள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் அச்சகத்துக்குப் போகும் முன் கைகளை எண்ணுங்கள். கல்யாணம் என்றால் ஆட்களை எண்ணக்கூடாது, வீடுகளை எண்ண வேண்டும். 600 பேர் வரும் விருந்துக்கு 600 கார்டு தேவையில்லை, வாட்ஸ்அப்பில் மட்டும் அழைப்பவர்களையும் கழித்துவிட்டால் பாதிக்கும் கீழே வந்துவிடும். பள்ளி மலர் என்றால் மாணவர்கள், ஆசிரியர்கள், விளம்பரம் கொடுத்தவர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம், அப்புறம் கொஞ்சம் மேலே. நோட்டீஸ் என்றால், யார் எங்கே நின்று எத்தனை மணி நேரம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் பத்துமலையில் கொடுக்கிற நோட்டீஸ் ஆயிரக்கணக்கில் போகும், அது சந்தேகமே இல்லாமல் ஆஃப்செட். ஒரு குடியிருப்பில் வீடு வீடாகப் போடுகிற டியூஷன் நோட்டீஸ் 200 போதும், அது டிஜிட்டல்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத வேலை ஒன்று உண்டு: நேம் கார்டு. சாதாரண நோட்டீசும் பல இடங்களில் இதே கதைதான். சில பெரிய அச்சகங்கள் பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து, ஒரே பிளேட்டில் ஆஃப்செட்டில் ஓட்டுகின்றன. பிளேட் செலவு எல்லாருக்கும் பிரிந்துவிடுவதால் சில பெட்டி நேம் கார்டுகூட ஆஃப்செட்டில் மலிவாக வரும். விலை நல்ல விலைதான். ஆனால் உங்கள் கார்டின் வண்ணத்தை மட்டும் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பக்கத்தில் இருப்பவரின் கார்டு அடர் சிவப்பாக இருந்தால் உங்கள் கார்டில் உள்ளவரின் முகமும் கொஞ்சம் சிவக்கலாம். நிறுவனச் சின்னத்தின் வண்ணம் ஒரு துளி மாறக்கூடாது என்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

எண்ணிக்கை குறைவாக இருந்தும் ஆஃப்செட்டுக்குப் போக வேண்டியவை

லெட்டர்ஹெட் முதல் ஆள். டோனரில் அச்சடித்த லெட்டர்ஹெட்டை உங்கள் ஆபிஸ் லேசர் பிரின்டரில் மறுபடி விட்டால், அந்தச் சூட்டில் சின்னத்தின் டோனர் இளகி உருளையில் ஒட்டக்கூடும், அடுத்த தாளில் நிழலாக விழக்கூடும். லேசர் பிரின்டரில் போகப்போகிற எதையும் ஆஃப்செட்டில் அடியுங்கள். அங்கேயும் லேசருக்குப் போகும் தாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று நிறத் தாளில் கார்பன் இல்லாமல் பிரதி விழும் பில் புத்தகங்களும் அப்படித்தான். அந்தத் தாள் மெல்லியது, அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் எதிர்வினை காட்டும் பூச்சு கொண்டது. சாதாரண டோனர் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டே இருக்கும். ஒரே வண்ணத்தில், எளிய ஆஃப்செட் இயந்திரத்தில், எண் போடும் கருவி வைத்து அடிப்பதே சரி. ஒரே ஒரு பிளேட் என்பதால் தொடக்கச் செலவும் குறைவு.

தங்க நிறம், வெள்ளி நிறம், குறிப்பிட்ட பான்டோன் வண்ணம் (எண் கொடுத்து அடையாளம் காட்டும் நிறம்) வேண்டுமென்றால் அதற்கென்றே கலந்த மையை ஆஃப்செட்டில் ஊற்றலாம். பெரும்பாலான டிஜிட்டல் இயந்திரங்கள் நான்கு வண்ணங்களைக் கலந்துதான் எதையும் காட்டும். அதில் தங்கம் என்று கேட்டால் ஒரு மங்கிய மஞ்சள்பழுப்புதான் கிடைக்கும். உலோக டோனர் போடும் இயந்திரங்களும் இருக்கின்றன, ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. கல்யாணக் கார்டில் பிள்ளையார் மின்ன வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஹாட் ஸ்டாம்பிங் கேளுங்கள். சூடாக்கிய அச்சில் உலோகத் தகடை அழுத்துவது அது, அதன் பளபளப்புக்கு எந்த மையும் ஈடாகாது. டோனர்மேல் அந்தத் தகடு சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால், ஸ்டாம்பிங் விழும் இடத்தைக் கோப்பில் வெற்றாக விடச் சொல்லுங்கள்.

சொரசொரப்பான தாளையும் கவனிக்க வேண்டும். விரலில் தட்டும் வரிகள் உள்ள கார்டுகளைக் கல்யாணத்துக்கு எல்லாரும் விரும்புகிறார்கள். டோனர் மேட்டில் ஒட்டும், பள்ளத்தில் சரியாக இறங்காது. அடர் வண்ணப் பட்டை போட்டால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஆஃப்செட்டின் ரப்பர் பிளாங்கெட் பள்ளத்திலும் ஓரளவு அழுந்தும். அந்தத் தாள்தான் வேண்டும், எண்ணிக்கையும் குறைவு என்றால், பெரிய அடர் வண்ணப் பரப்பை வடிவமைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுத்து மட்டும் இருந்தால் டிஜிட்டலிலும் நன்றாகவே வரும்.

அளவும் ஒரு காரணம். வழக்கமான டிஜிட்டல் இயந்திரம் ஏ3-ஐவிடச் சற்றுப் பெரிய தாள்வரைதான் எடுக்கும். நீளமான பல மடிப்பு அட்டவணை, ஏ2 சுவரொட்டி எல்லாம் ஆஃப்செட்தான். நான்கைந்து சுவரொட்டி போதும் என்றால் பேனர் கடையில் அகல இங்க்ஜெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை அதிகமாக இருந்தும் டிஜிட்டலுக்குப் போக வேண்டியவை

ஒவ்வொரு தாளிலும் ஏதாவது மாற வேண்டுமென்றால் டிஜிட்டல்தான். விருந்து டிக்கெட்டில் வரிசை எண்ணோடு மேசை எண்ணும் வேண்டும், சான்றிதழில் ஒவ்வொரு மாணவரின் பெயர் வேண்டும், கார்டு உறையில் விருந்தினர் பெயர் வேண்டும் என்றால், பெயர்ப் பட்டியலை எக்செல் கோப்பாகக் கொடுத்தால் போதும். பெயர்களின் எழுத்துக்கூட்டலைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் சரிபார்க்க வேண்டும். மேடையில் தன் பெயர் பிழையாக இருக்கும் சான்றிதழை வாங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இன்னொன்று, விவரம் மாறிக்கொண்டே இருக்கும் வேலை. உணவகத்தின் மெனு கார்டு நல்ல எடுத்துக்காட்டு. விலை ஏறும், சில உணவு நின்றுபோகும். ஆயிரம் மெனு அடித்துவிட்டுப் பேனாவால் திருத்துவதைவிட, 30 அடித்து லாமினேட் செய்து, தேவைப்படும்போது மறுபடி 30 அடிப்பது மேல்.

டிஜிட்டலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மடிப்பில்தான். டோனர் தாளின் மேலே படலமாக உட்கார்ந்திருக்கிறது, தாளுக்குள் இறங்குவதில்லை. அடர் வண்ணம் போன இடத்தில் மடித்தால் விரிசல் விட்டு வெள்ளை தெரியும். தடிமனான அட்டை என்றால் மடிப்பதற்கு முன் கிரீஸ், அதாவது மடிப்புக்கோட்டை அழுத்திப் போடச் சொல்லுங்கள், மடிப்பு தாளின் இழை ஓடும் திசையிலேயே இருக்கட்டும். முடிந்தால் லாமினேஷனும் போட்டுவிடுங்கள். லாமினேஷன் படலம் சில டோனர்களில் சரியாகப் பிடிக்காமல் ஓரத்தில் உரியும். டிஜிட்டலுக்கென்றே அதிகப் பிசின் உள்ள படலம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

தமிழ் எழுத்து என்பதால் வரும் கவலைகள்

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். கோலாலம்பூரில் நாங்கள் வேலை கொடுக்கும் ஆஃப்செட் அச்சகங்களில் பெரும்பாலான இடங்களில் இயந்திரம் ஓட்டுபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், வண்ணத்தை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள். ஆனால் கொம்பு இடம் மாறியிருந்தால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு மலாய் அல்லது ஆங்கிலப் பிழையை அச்சகத்தில் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தமிழுக்கு அந்தக் கடைசிக் கண் இல்லை. அந்தக் கண் நீங்கள்தான்.

யூனிகோட் தமிழைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ வடிவமைப்பவரிடம் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்கிற அமைப்பை (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோப்பது) போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் இன்னொரு சிக்கல். அந்த எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லாவிட்டால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். அதனால் எந்த அச்சகத்துக்கும் வேர்ட் கோப்பாகக் கொடுக்காதீர்கள். எழுத்துரு உள்ளேயே பொதிந்த பி.டி.எஃப். கொடுங்கள். அட்டை, கார்டு, நோட்டீஸ் போன்ற சின்ன வேலைகளில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக மாற்றிவிட்டால் இன்னும் பத்திரம். திருத்துவதற்கென்று மாற்றாத கோப்பு ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எழுத்து 'ஸ்ரீ'. நம் கோயில்கள் பலவற்றின் பெயர் அதில்தான் தொடங்குகிறது. எழுத்துரு ஒத்துவராவிட்டால் அது ஸ் தனி, ரீ தனியாகப் பிரிந்துவிடும். ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழில், வேறு எங்கோ அடித்தது, முகப்பிலேயே அது உடைந்து, சில ஆயிரம் பிரதி ஓடி முடிந்துவிட்டது. கோப்பு திரையில் சரியாகத்தான் இருந்ததாம், அச்சகத்தில் திறந்தபோது எழுத்துரு மாறிவிட்டது. நிர்வாகத்தார் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்கள். அதன்பின் பார்க்க வேண்டியவை கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசை, பிறகு ஊர்ப் பெயர்கள், நேரம், தொலைபேசி எண்.

இந்தப் பயத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆஃப்செட்டில் பெரிய வேலை கொடுப்பதானாலும், பிளேட் போடும் முன் அதே இறுதிக் கோப்பிலிருந்து ஒரே ஒரு பிரதியை டிஜிட்டலில் எடுத்து, மடித்து, புத்தகமாகவே கையில் வைத்து வாசியுங்கள். திரையில் தப்பிய பிழை தாளில் மாட்டும். நீங்கள் மட்டும் வாசிக்காமல், அந்த விழாவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடமும் கொடுங்கள். டிஜிட்டலில் பிழை தெரிந்தால் ஒரு தாள்தான் நட்டம். ஆஃப்செட்டில் பிளேட் போட்ட பிறகு ஒரு புள்ளியைத் திருத்தினாலும் புது பிளேட்.

எழுத்தின் கறுப்பையும் பாருங்கள். உரை எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணமும் சேர்ந்த கறுப்பாக இருந்தால், வண்ணங்கள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தோரம் நிழலடிக்கும். ண, ன, ழ போன்ற சுழி எழுத்துகள் சின்ன அளவில் கலங்கிப்போகும். அடர் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும்போதும் மெய்யெழுத்தின் புள்ளிகள் மூடிக்கொள்ளும், அங்கே எழுத்தைப் பெரிதாக, தடிமனாக வையுங்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: அச்சில் வரப்போகும் அளவிலேயே ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஓரம்வரை வண்ணம் போனால் வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி விடுங்கள். கைபேசியில் மின்னும் நீலமும் பச்சையும் அச்சில் அப்படி மின்னாது, நீலம் ஊதாவாகச் சாயும். மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பயப்படாமல் போடலாம், இரண்டு முறையிலும் நன்றாக வரும்.

நாள் கணக்கு

இறந்தவரின் 16ஆம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடும் குடும்பங்கள் வருகின்றன. படம் தேடி, வாழ்க்கைக் குறிப்பு எழுதி, உறவினர் செய்திகளை வாங்கி முடிப்பதற்குள் இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சியிருக்கும். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அந்த வேலைக்கு நான் டிஜிட்டலைத்தான் சொல்வேன். ஆஃப்செட்டில் பிளேட் போட்டு, ஓட்டி, மை காய்ந்து, அதன்பிறகே மடித்து வெட்ட முடியும். அவசரப்பட்டால் மை பக்கத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். வேகுவதற்கு முன் தோசையைப் புரட்டுவது போன்ற அவசரம் இங்கே உதவாது. உடனே உலர்த்தும் யூ.வி. ஆஃப்செட் இயந்திரங்கள் உண்டு, ஆனாலும் வரிசையில் உங்கள் முறை வர வேண்டுமே.

அந்த வரிசை வருடத்தின் சில மாதங்களில் மிக நீளம். ஆண்டு இறுதியில் நாட்காட்டியும் டைரியும். அதற்குப் பின்னாலேயே சீனப் புத்தாண்டுக்கான அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) உறை, பரிசுப் பெட்டி வேலைகள். பிறகு பல அச்சகங்கள் புத்தாண்டுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ அடைத்துவிடும். நம் தைப்பூசம் வருவதும் அதே சனவரி, பிப்ரவரியில்தான். தைப்பூச வேலை வைத்திருப்பவர்கள் நவம்பரிலேயே கோப்பைத் தயார் செய்து, அச்சகத்திடம் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுத் தேர்தல் அறிவித்துவிட்டாலும் அச்சகங்கள் நிரம்பிவிடும், அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நெருக்கடியில் மாட்டிக்கொண்டால் வேலையைப் பிரிக்கலாம்: விழாவுக்கு உடனே வேண்டிய 100-ஐ டிஜிட்டலில் எடுத்துக்கொண்டு, மீதியை நிதானமாக ஆஃப்செட்டில். இரண்டின் வண்ணமும் அச்சு அசலாக ஒத்துப்போகாது, அதற்குத் தயாராக இருங்கள்.

புத்தகம் போடுபவர்களுக்கு

கவிதை, சிறுகதை என்று சொந்தப் பணத்தில் புத்தகம் போடும் எழுத்தாளர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர்களிடம்தான் நான் அதிகம் வாதாடுகிறேன். ஆயிரம் போட்டால் ஒன்று மிக மலிவு என்று அச்சகம் சொல்லும். உண்மைதான். நீங்கள் வெளியீட்டு விழாவில் எத்தனை போகும், நூலகங்களும் பள்ளிகளும் எத்தனை வாங்கும், உங்கள் காரில் வைத்து ஊர் ஊராக எத்தனை கொண்டுபோவீர்கள் என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய 5 பிரதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அதைக் கேட்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம், டிஜிட்டலில் 50 பிரதி போட்டாலும் அது பொருந்தும்.

கூட்டினால் 200 வருகிறதா? டிஜிட்டலில் 200 போடுங்கள். வாசகர்கள் சுட்டிக்காட்டும் பிழைகளைத் திருத்தி, கேட்பவர்கள் இருந்தால் இன்னும் 100 போடுங்கள். முதல் பதிப்பு வேகமாகப் போய், பள்ளிகளிலிருந்து மொத்தமாகக் கேட்டு வந்தால் அப்போது ஆஃப்செட்டுக்குப் போகலாம். உள்பக்கம் கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் ஆஃப்செட்டின் பிளேட் செலவும் குறைவு, டிஜிட்டலின் ஒரு பக்க விலையும் குறைவு. அதனால் முன்னே சொன்ன இரண்டு விலைக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும், வண்ண மலரின் எண்ணிக்கை இங்கே பொருந்தாது.

பக்க எண்ணிக்கையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆஃப்செட்டில் புத்தகம் பொதுவாக 16 பக்கக் கட்டுகளாக ஓடும். 98 பக்கம் எழுதியிருந்தால், மிஞ்சும் 2 பக்கத்துக்காக இன்னொரு கட்டும் பிளேட்டும். இரண்டு பக்கத்தைக் குறைத்து 96-இல் நிறுத்திவிட்டால் அந்தச் செலவு இல்லை. டிஜிட்டலில் இந்தக் கவலை இல்லை. நடுவில் கம்பிப் பின் (ஸ்டேப்பிள்) அடிக்கும் மலர் மட்டும் எந்த முறையிலும் 4-இன் மடங்காக இருக்க வேண்டும். தாளுக்கு 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சிமிலி என்கிற சாதாரணப் புத்தகத் தாள் போதும், 70-இல் மறுபக்க எழுத்து தெரியலாம். நாள் முழுக்க வாசிக்கிற புத்தகத்துக்குப் பளிச்சென்ற வெள்ளையைவிட இளமஞ்சள் தாள் கண்ணுக்கு இதம்.

விலை கேட்கும்போது

"மலர் அடிக்க எவ்வளவு?" என்று அனுப்பினால் எவரும் சரியான விலை சொல்ல முடியாது. வெட்டி முடித்த பிறகு வரும் அளவு, பக்க எண்ணிக்கை அட்டை சேர்த்தா சேர்க்காமலா, உள்தாளும் அட்டையும் எத்தனை ஜி.எஸ்.எம்., எந்தப் பக்கங்கள் வண்ணம், பின் அடிப்பதா பசை ஒட்டுவதா, அட்டைக்கு மேட் லாமினேஷனா பளபளப்பா, எந்த நாள் வேண்டும், எத்தனை பிரதி என்று எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். எண்ணிக்கையை மட்டும் இரண்டு மூன்றாகக் கேளுங்கள். அதே செய்தியை அப்படியே இரண்டு ஆஃப்செட் அச்சகங்களுக்கும் ஒரு டிஜிட்டல் கடைக்கும் அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாறினாலும் விலைகளை ஒப்பிட முடியாது.

விலை வந்ததும் கேட்க வேண்டியவை சில. மாதிரிப் பிரதி விலைக்குள் அடங்குமா? சொன்ன எண்ணிக்கையில் சில பிரதி கூடக்குறைய வந்தால் யார் கணக்கு? ஆஃப்செட்டில் கழிவு முன்னேபின்னே ஆவதால் இது நடக்கும். செந்தூலுக்கோ கிள்ளானுக்கோ கொண்டுவந்து கொடுப்பார்களா? மறுபதிப்புக்கு என்ன விலை? எல்லாவற்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்து இறங்கியதும் மேலே இருக்கும் பிரதியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வெவ்வேறு பெட்டிகளின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சில பிரதிகளை உருவி, பக்க வரிசை, முகங்களின் நிறம், வெட்டின் நேர், அட்டையின் பசை ஆகியவற்றைப் பாருங்கள். நீங்கள் ஒப்புதல் கொடுத்த மாதிரிப் பிரதி கையில் இருக்கட்டும், ஏதாவது மாறியிருந்தால் அதை வைத்துத்தான் பேச முடியும். எண்ணிப் பாருங்கள், பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.